'வேண்டாம்' என்றது தலைமையகம்!

கல்ச்சுரல்ஸுக்கு நீங்கதான் இன்சார்ஜ். "இந்த மேடை தாங்காது சார்"னு முதல் நாளே சொல்றீங்க. "உன் வேலையை மட்டும் பாருப்பா"ன்னு பதில் வருது. மறுநாள் மேடை சரிஞ்சா, ராத்திரி தூக்கம் யாருக்குப் போகும்? சொன்னவருக்குத்தான்!

இதையே ஒரு நாட்டின் அளவுக்குப் பெரிசாக்கிப் பாருங்க. அவர்தான் ரோமியோ டலேர். கனடா ராணுவ ஜெனரல். 1993 அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படைத் தளபதியாக ருவாண்டா போனவர்.

1994 ஜனவரி 11. துட்சி மக்களைக் கொல்லப் பட்டியல் தயாராகிறது, ஆயுதங்கள் பதுக்கப்படுகின்றன என்று உள்ளிருந்தே ஓர் ஆள் சொன்ன தகவலை நியூயார்க்குக்கு அனுப்பினார். 'ஆயுதங்களைப் பறிமுதல் செய்யப் போகிறேன்' என்றார். 'வேண்டாம். உனக்குக் கொடுத்த அதிகாரத்தில் அது வராது' என்றது தலைமையகம்.

ஏப்ரல் 6-ல் அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. கொலைகள் ஆரம்பித்தன. மறுநாளே, பெண் பிரதமரைக் காக்கப் போன பெல்ஜியம் வீரர்கள் 10 பேர் கொல்லப்பட்டார்கள். போகிற வழியில், முகாமுக்குள் இரண்டு பெல்ஜியம் வீரர்கள் தரையில் கிடப்பதை டலேர் காரிலிருந்து பார்த்தார். நிறுத்தச் சொன்னார். உடன் வந்த ருவாண்டா அதிகாரி நிறுத்தவில்லை. மீட்கப் படை அனுப்பினால் இன்னும் பல வீரர்கள் சாவார்கள் என்று கணக்குப் போட்டு, அனுப்பாமல் விட்டார். இன்று வரை அவரைத் துரத்தும் முடிவு அது.

பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்தது. சுமார் 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைக்க ஏப்ரல் 21-ல் பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. டலேர் கிளம்பவில்லை. கானா வீரர்களும் நின்றார்கள். மொத்தம் 450 பேர்தான். ஆனால் அவர்கள் காவல் காத்த அமஹோரோ ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தார்கள். 'அமஹோரோ' என்றால் அந்த ஊர் மொழியில் அமைதி! செனகல் கேப்டன் ம்பாயே தியாங், கையில் ஆயுதமே இல்லாமல், செக்போஸ்ட்களில் ஜோக்கும் சிகரெட்டுமாகப் பேசிப் பேசியே பலரைக் கடத்திக் காப்பாற்றினார். மே 31-ல் குண்டு விழுந்து அவரும் போய்விட்டார்.

100 நாளில் சுமார் 8 லட்சம் பேர் செத்தார்கள்.

ஊர் திரும்பிய டலேர் மனசு உடைந்துபோனார். 2000-ல் ராணுவத்திலிருந்து மருத்துவக் காரணத்துக்காக விடுவிக்கப்பட்டார். அதே வருஷம் ஒரு பூங்காவில் சுயநினைவில்லாமல் கிடந்தார். ஆனால் அதை மூடி மறைக்கவில்லை. சிகிச்சை எடுத்தார்; போர் மனசையும் காயப்படுத்தும் என்று ஊரறியப் பேசினார். 2003-ல் புத்தகம் எழுதினார். அதில் ஐ.நா.வை மட்டும் திட்டவில்லை. 'உலகத்தை நம்பவைக்கத் தவறிய தளபதி நான்' என்ற குற்றவுணர்வையும் ஒளிக்காமல் வைத்தார்.

அவர் தோற்றாரா, ஜெயித்தாரா? 8 லட்சத்தைப் பார்த்தால் தோல்வி. ஸ்டேடியத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தவரைக் கேட்டால் வேற பதில் கிடைக்கும்.

அடுத்த தடவை, "நாம ஒருத்தன் நின்னு என்ன ஆகப்போகுது மச்சி?"ன்னு வாய் வரைக்கும் வந்தா, அந்த 450 பேரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அப்புறம் பேசுங்க!