மரம் நட்டவர்களிடையே நிறம் பார்த்தவர்கள்

வேலையற்ற இளைஞர்க்கு இயற்கையைக் காக்கும் பணி கொடுத்தால் நாடும் வீடும் செழிக்கும் என்போர், அமெரிக்காவின் குடிமக்கள் இயற்கைப் பாதுகாப்புப் படையையே சான்று காட்டுவர். அதிபர் ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய அத்திட்டம் 1942இல் முடிவுற்றது. ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர்கள் சுமார் 300 கோடி மரங்களை நட்டனர். மாத ஊதியம் 30 டாலர். அதில் பெரும்பாலும் 25 டாலர் குடும்பத்துக்கே சென்றது. எழுத்தறியாது வந்த பல்லாயிரவர் முகாம் வகுப்புகளில் படிக்கக் கற்றனர். ஆசிரியர் எவரும் இதனைப் போற்றவே செய்வர்.

ஆனால் அன்பர்களே, பாதிக் கதைக்குக் கைதட்டலாமா?

பெண்களுக்கு அப்படையில் இடமில்லை. கறுப்பின இளைஞர்க்குப் பத்தில் ஒரு பங்கே என வரம்பிட்டனர். மக்கள்தொகை விகிதப்படி அது சரியே என வாதிடுவோர் உளர். வேலையின்மை அவர்களையே மிகுதியாக வாட்டியபோது, விகிதம் பேசுவது நீதியாகுமா? பசித்தவனுக்குப் பந்தியில் அளவு குறிப்பதன்றோ அது! 1935இல் முகாம்களையும் நிறவாரியாகப் பிரித்தனர்.

"அக்காலம் அப்படி" என்பது வெற்றுச் சமாதானம். நிறம் பார்த்துப் பாகுபாடு காட்டலாகாது என 1933ஆம் ஆண்டுச் சட்டமே கூறிற்று. ஆஸ்கர் டி பிரீஸ்ட் என்னும் கறுப்பின உறுப்பினர் போராடிச் சேர்த்த விதி அது. ஆகவே, அறியாமல் நேர்ந்த பிழையன்று; அறிந்தே மீறிய அநீதி.

இத்தகைய திட்டம் எங்கும் வரட்டும், வரவேற்போம். எனினும், எத்தனை மரம் நட்டீர் எனக் கேட்குமுன், எவரை வாசலில் நிறுத்தினீர் எனக் கேட்போம்.