‘ஆர்த்தோடான்டிஸ்ட்’னா யார்? அலைனருக்கு இ.எம்.ஐ போடும் முன் போர்டை ஒரு தடவை படிங்க!

இன்ஸ்டாவில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போனால் எங்கேயாவது ஓர் இடத்தில் இது வந்துவிடும். ஒருவர் பல்லிலிருந்து கண்ணாடி மாதிரி ஓர் உறையைக் கழற்றிக் காட்டிச் சிரிப்பார். ‘கம்பி இல்ல, வலி இல்ல, மாசம் இவ்வளவுதான்’ என்று கீழே எழுத்து ஓடும். அதுதான் கிளியர் அலைனர். சில விளம்பரங்களில் பொடி எழுத்தில் இன்னொரு வார்த்தையும் இருக்கும்: ஆர்த்தோடான்டிஸ்ட். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த வார்த்தையைத்தான்.

நம்ம ஊரில் ‘ஆர்த்தோ’ என்றாலே எலும்பு டாக்டர். மூட்டுவலியா? ‘ஆர்த்தோகிட்ட காட்டு’ என்போம். அதனால் பல் கிளினிக் போர்டில் இந்த வார்த்தையைப் பார்த்ததும் ‘பல்லுக்கும் எலும்பு டாக்டரா?’ என்று குழம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் கிரேக்க மொழியில் ‘ஆர்த்தோஸ்’ என்றால் நேரானது என்றுதான் அர்த்தம். எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பல்லைக் குறிக்கும் ‘ஓடோன்ட்’டைப் பின்னால் சேர்த்தால் ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது பல்லை நேராக்கும் மருத்துவம். 1900-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எட்வர்டு ஆங்கிள் என்ற பல் மருத்துவர் இதற்கென்றே தனிப் பள்ளி தொடங்கினார். ஆர்த்தோடான்டிஸ்ட் என்பது தனி நிபுணர் ஆனது அந்தக் காலத்தில்தான்.

இந்தியாவில் பி.டி.எஸ் முடித்தவர் பல் மருத்துவர். அதற்கு மேல் மூன்று வருடம் இந்தப் பிரிவிலேயே எம்.டி.எஸ் படித்தவர்தான் ஆர்த்தோடான்டிஸ்ட். நம்ம ஊரில் எம்.டி.எஸ்ஸில் மொத்தம் 9 பிரிவுகள். வேர் சிகிச்சைக்கு எண்டோடான்டிஸ்ட், ஈறுக்கு பெரியோடான்டிஸ்ட், செயற்கைப் பல்லுக்கு பிராஸ்தோடான்டிஸ்ட் என்று பட்டியல் நீளும். அதில் ‘காஸ்மெட்டிக் டென்டிஸ்ட்’ கிடையாது. ‘ஸ்மைல் டிசைனர்’ கிடையாது. ‘அலைனர் எக்ஸ்பர்ட்’ சுத்தமாகக் கிடையாது. அமெரிக்கப் பல் மருத்துவ உலகம் அங்கீகரித்த 12 சிறப்புப் பிரிவுகளிலும் காஸ்மெட்டிக் இல்லை. பி.டி.எஸ் டாக்டர்கள் பலர் பயிற்சி எடுத்து அலைனர் போடுகிறார்கள், எளிய கேஸ்களை நன்றாகவும் செய்கிறார்கள். பிரச்னை அவர்கள் இல்லை. பட்டத்தின் பெயருக்கும் விளம்பரப் பெயருக்கும் வித்தியாசம் தெரியாமல் நாம் பணம் கட்டுகிறோமே, அதுதான் பிரச்னை.

‘ஒரு பிளாஸ்டிக் உறைக்கு மூணு வருஷப் படிப்பா?’ எனத் தோன்றலாம். பல்லைத் தள்ளுவது ஜன்னல் கதவைத் தள்ளுவது மாதிரி இல்லைங்க. அழுத்தம் விழுகிற பக்கம் தாடை எலும்பு கரைய வேண்டும், மறுபக்கம் புது எலும்பு வளர வேண்டும். அப்போதுதான் பல் நகரும். அதுவும் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஈறு நோய் இருப்பது தெரியாமல் தள்ளினால் பல் ஆட ஆரம்பிக்கலாம். வேர் தேய்ந்து குட்டையாகவும் வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரே பார்க்காமல், வாயைத் திறந்து பார்க்காமல், வெறும் முப்பரிமாண ஸ்கேனை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஸ்கேனில் தெரிவது பல்லின் மேல்பாகம் மட்டும்தான்.

அமெரிக்காவின் ‘ஸ்மைல் டைரக்ட் கிளப்’ கதை தெரியுமா? 2014-ல் தொடங்கிய கம்பெனி. வீட்டிலேயே அச்சு எடுத்து அனுப்பினால் போதும், அலைனர் பார்சலில் வரும். உரிமம் பெற்ற பல் மருத்துவர்களும் ஆர்த்தோடான்டிஸ்ட்களும் தொலைவிலிருந்து கவனித்துக்கொள்வார்கள் என்றார்கள். வார்த்தை இருந்தது. ஆனால், பலர் அந்த டாக்டரின் எதிரே ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. 2019 செப்டம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தபோது மதிப்பு கிட்டத்தட்ட 900 கோடி டாலர். 2023 செப்டம்பரில் திவால் மனு, டிசம்பரில் மொத்தமாக மூடல். பாதி சிகிச்சையில் இருந்தவர்களுக்கு வந்த தகவல் என்ன தெரியுமா? வாழ்நாள் உத்தரவாதம் இனி இல்லை, ஆனால் தவணையை மட்டும் தொடர்ந்து கட்டுங்கள்! அடுத்த வருடம் அக்டோபரில் ‘பைட்’ என்ற இன்னொரு வீட்டு அலைனர் பிராண்டும் விற்பனையை நிறுத்தியது.

இங்கேயும் வீட்டுக்கே வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகிற சேவை வந்துவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால், ஸ்கேன் எடுக்க வந்தவரிடமே, ‘என் கேஸைப் பார்க்கிற டாக்டர் பேர் என்ன, எம்.டி.எஸ் எந்தப் பிரிவு?’ என்று கேட்டுவிடுங்கள். பெயர் சொன்னால், மாநில பல் மருத்துவ கவுன்சிலின் பதிவு எண்ணையும் கேளுங்கள். ‘எங்க டீம்ல நிறைய ஆர்த்தோடான்டிஸ்ட் இருக்காங்க மேடம்’ என்று மட்டும் பதில் வந்தால், அன்றைக்கு இ.எம்.ஐ ஃபார்மில் கையெழுத்துப் போடாதீங்க. எக்ஸ்ரே எடுப்பார்களா, நடுவில் எத்தனை முறை நேரில் பார்ப்பார்கள், முடிந்ததும் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்கப் போடும் ரிட்டெய்னருக்குத் தனிக் காசா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.