பெயரை மாற்றுவது வெட்டி வேலையா?



விலங்குலகம் பாடத்தில் இருபெயரிடும் முறை படித்தோம் அல்லவா? முதல் பெயர் பேரினம், இரண்டாவது பெயர் சிற்றினம். "ஒரு தடவை வெச்ச பேரை விஞ்ஞானிங்க எதுக்கு மாத்திக்கிட்டே இருக்காங்க? வேலை இல்லாதவங்க வேலை!" என்று எங்கள் வகுப்பில் சிலர் சொல்கிறார்கள். வெட்டி வேலை இல்லை என்பது என் கருத்து. அதற்குச் சாட்சியாக ஒரு சிலந்தியைக் கூப்பிடுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் இந்தச் சிலந்தி வலை பின்னிக் காத்திருக்காது. தரையில் ஓடி எறும்பைப் பிடித்துத் தின்னும். அதுவும் சாதாரண எறும்பு இல்லை. இறைச்சி எறும்பு என்று பேர் வாங்கிய, கூட்டமாகச் சண்டைக்கு வரும் எறும்பு. இத்தனூண்டு சிலந்தி அதை எப்படிப் பிடிக்கும்? ஆபத்து வந்தால் அந்த எறும்பு ஒரு வாசனையை விடும். மற்ற எறும்புகளுக்கு அது "ஓடி வாங்க" என்ற கூப்பாடு. சிலந்திக்கோ அது சாப்பாட்டு மணி! முன்னங்கால்களால் அந்த வாசனையை அறிந்து, அடிபட்ட எறும்பையும் சண்டையில் மும்முரமாக இருக்கும் எறும்பையும் தேடிப் போகும். 1996-இல் ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதினார்கள்.

இதற்கு 1869-இல் இங்கிலாந்து பாதிரியார் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ் வைத்த பெயர் ஸ்டோரீனா பிராட்லேயி. அந்தக் காலத்தில் ஸ்டோரீனா என்பது நம்ம வீட்டுப் பழந்துணி மூட்டை மாதிரி. எந்த நாட்டிலிருந்து வந்தாலும், கொஞ்சம் ஒரே சாயலாக இருந்தால் அதற்குள் போட்டுவிடுவார்கள். மூட்டை பெருத்துக்கொண்டே போனது.

1991-இல் பெல்ஜியம் நாட்டு ரூடி ஜோக்கே இந்த எறும்புண்ணிச் சிலந்திக் குடும்பத்தின் பேரினங்களை எல்லாம் மறுபடி ஆராய்ந்து ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். சிலந்திக்கு அது சரிப்படாது! நிறத்தையும் பருமனையும் மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். எட்டுக் கண்ணும் எந்த வரிசையில் இருக்கிறது, நூல் சுரக்கும் உறுப்புகள் எத்தனை, காலில் முள் எங்கே இருக்கிறது, ஆண் சிலந்தியின் வாயருகே உள்ள குட்டைக் கைகளின் நுனி எப்படி மடிந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆசியாவின் பல ஸ்டோரீனாக்கள் இப்போது மல்லினெல்லா என்ற வேறு பேரினத்தில் இருக்கின்றன. அதன் ஒரு முக்கிய அடையாளம் என்ன தெரியுமா? வயிற்றின் அடியில், மூச்சுத் துளைக்கு முன்னால், ஒரே வரிசையாகத் தடித்த முட்கள்! திருப்பிப் போட்டுப் பார்க்காதவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

நம்ம பிராட்லேயியும் இப்போது ஹாப்ரோனெஸ்டெஸ் பிராட்லேயி.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஒரே பேரினம் என்றால் நெருங்கிய சொந்தம் என்று அர்த்தம். ஒன்றைப் பற்றித் தெரிந்ததை வைத்து அதன் சொந்தக்காரர்களிடம் என்ன தேடலாம் என்று யோசிப்போம். சொந்தமே இல்லாதவற்றை ஒரே மூட்டையில் கட்டி வைத்தால் அந்த யோசனை எல்லாம் தப்பாகப் போகும். அதனால் சரியான பேர் என்பது சரியான முகவரி மாதிரி.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பேரினம் மாறியதும் பழைய ஆளை மறந்துவிட மாட்டார்கள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் (பிக்கார்டு-கேம்பிரிட்ஜ், 1869) என்று போடுவார்கள். "முதலில் பெயர் வைத்தவர் இவர், பிறகு இடம் மாறியது" என்று அந்த அடைப்புக்குறியே சொல்லிவிடும். இதில் யாருக்கும் அவமானம் இல்லை. அன்றைக்கு அவர் பார்த்தது அவ்வளவு, இன்றைக்கு நாம் பார்ப்பது இவ்வளவு. அவ்வளவுதான்.

ஒரு சிலந்திக்குக் கிடைக்கிற இந்த நியாயம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டாமா?

பல இடங்களில் ஒரு பரீட்சை மார்க்கை வைத்து "மெல்லக் கற்போர்" என்று பட்டியல் போடுகிறார்கள். தனியாகக் கவனித்துச் சொல்லித் தரத்தான் போடுகிறார்கள், அது நல்லதுதான். ஆனா ஒரு தடவை அதில் ஏறிய பேர் பத்தாவது முடிகிற வரைக்கும் இறங்குவதே இல்லை. அப்புறம் நாமளும் "மக்கு" என்றே கூப்பிட ஆரம்பித்துவிடுகிறோம். பால் சொசைட்டியில் லிட்டர் கணக்கை மனசிலேயே போடுகிற பையன் கணக்குப் பரீட்சையில் தோற்கலாம். எழுத்துப் பிழை விடுகிற பிள்ளை வாயால் கேட்டால் முழுப் பாடத்தையும் சொல்லலாம். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து மூட்டை கட்டினால் அந்த முட்கள் யார் கண்ணுக்குத் தெரியும்?

என் யோசனை இதுதான். ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் அந்தப் பட்டியலைப் புதுசாக எழுதலாம். மார்க்கோடு, வாய்மொழியாகச் சொல்வது, செய்முறை, கையால் செய்யும் வேலை என்று நாலு அடையாளங்களையும் பார்க்கலாம். ஆசிரியர்கள் இதை அன்போடு யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாமும் பட்டப்பேர் வைக்கும் முன்னால் ஒருவரை இரண்டு தடவை பார்ப்போம்.

சிந்திப்போம்! திருத்துவோம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி