கதைக்குள்ளே ஒரு கடை



டி.வி.யில் விளம்பரம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றிவிடுகிறோம். தியேட்டரில் என்றால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறோம். இது வியாபாரிக்குத் தெரியாதா என்ன? அதனால்தான் அவன் கடையைத் தூக்கிக்கொண்டு கதைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டான்!

1982-ல் வந்த 'ஈ.டி.' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு சிறுவன் வேற்றுக்கிரகவாசியை மிட்டாய் போட்டு வீட்டுக்குள் வரவழைப்பான். அந்த மிட்டாய் 'ரீஸஸ் பீசஸ்'. படம் ஓடியது, மிட்டாய் விற்பனையும் எகிறியது. 1995-ல் 'கோல்டன் ஐ' படத்தில் ஜேம்ஸ்பாண்ட் பி.எம்.டபிள்யூ. காரில் வந்து இறங்கினார். நம் நாட்டிலும் 1999-ல் வந்த 'தால்' இந்திப் படத்தில் காதலர்களோடு சேர்ந்து கோக்கோ கோலா பாட்டிலும் நடித்தது.

"படம் எடுக்கப் பணம் வேண்டாமா? இதில் என்னப்பா தப்பு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். விளம்பரம் செய்வது தப்பே இல்லை. விளம்பரம் என்று சொல்லாமல் செய்வதுதான் தப்பு.

எங்க அப்பா கொத்தனார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனா சிமெண்ட் மூட்டை வந்து இறங்கினா உள்ளே கையை விட்டுப் பார்ப்பார். குளுகுளுன்னு இருக்கணும், கட்டி தட்டியிருக்கக் கூடாது. அப்படிப்பட்டவரே, ராத்திரி சீரியலில் கதாநாயகி பிள்ளைக்கு ஏதோ ஒரு சத்துமாவைக் கரைத்துக் கொடுத்தால் அதைச் சந்தேகப்படுவதில்லை. ஏன்? அங்கே அவர் சரக்கு வாங்க உட்காரவில்லை. கதை பார்க்க உட்கார்ந்திருக்கிறார். அந்த அசந்த நேரத்தைத்தான் கம்பெனிகள் காசு கொடுத்து வாங்குகின்றன. அந்தக் காசோ கடைசியில் கூலிக்காரன் வீட்டு மளிகைக் கணக்கில்தான் வந்து விழுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் டி.வி. நிகழ்ச்சிக்குள் பணம் வாங்கிக்கொண்டு பொருளைக் காட்ட 2011-ல் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் 'பி' என்ற எழுத்தைத் திரையில் காட்டியாக வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். நம் நாட்டிலேயே 2012 அக்டோபர் முதல், படத்தில் யாராவது சிகரெட் பிடித்தால் கீழே எச்சரிக்கை வாசகம் வர வேண்டும் என்பது விதி. அதனால் நாம் படம் பார்ப்பதை நிறுத்திவிட்டோமா? அதே மாதிரி, "பணம் பெற்றுக் காட்டப்படும் பொருள்" என்று ஒரு வரி ஓடினால் என்ன குறைந்துவிடும்?

அந்த விதி வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். 'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். நாளைக்கு சைட்டில் நிற்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தயாரித்த வாரம் எது என்று பார்க்காமல் ஒரு மூட்டையையும் ஏற்கமாட்டோம். அந்தக் கண்ணை டி.வி. முன்னால் கழற்றி வைப்பானேன்? வீட்டில் படித்தவர் நாம் ஒருவர்தான் என்றால், விளம்பரத்தை அடையாளம் காட்டுவதும் நம் வேலைதான்.

கதாநாயகனுக்குக் கைதட்டுவோம். அவர் கையில் இருக்கும் பாட்டிலை மட்டும் விசாரிப்போம்!

– இரண்டாமாண்டு, சிவில் பிரிவு