கேட்காத மருத்துவரும் சொல்லாத நோயாளியும்

மிளகும் சுக்கும் மணக்கும் கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரே நோயாளி ஒரே மாதத்தில் அலோபதி மருத்துவரையும் ஆயுர்வேத வைத்தியரையும் நாடுவது புதிய செய்தியன்று. கேரளம் முழுவதும் அதுவே வழக்கம். தமிழகத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுதான்.

அத்தகைய நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 60. இதய வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்கிறார். தீராத மூட்டு வலிக்காக ஆயுர்வேத மருத்துவர் ஒருவரின் சீட்டைக் காட்டி, 'விஜயா' என்ற பெயரில் விற்கப்படும் கஞ்சா இலைச் சாற்றையும் வாங்கிப் பயன்படுத்துகிறார். மாத்திரை எழுதிக் கொடுத்தவருக்குச் சாறு பற்றித் தெரியாது. சாறு கொடுத்தவர் மாத்திரை பற்றிக் கேட்கவில்லை. ஒருநாள் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படுகிறது. குடும்பத்தினர் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படியேறுகின்றனர். பொறுப்பு யாருடையது?

நோயாளி கற்பனையாக இருக்கலாம். அவருக்கு நேர்வது கற்பனையன்று. கஞ்சாவில் உள்ள கன்னாபிடையால் என்ற வேதிப்பொருள் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டுவது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. வலிப்பு நோய்க்கான வால்புரோயிக் அமிலத்துடன் அது சேரும்போது கல்லீரல் பாதிக்கப்படக்கூடும். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவும் ரத்தத்தில் கூடிவிடும். தொடர்ந்து கஞ்சா பயன்படுத்துவோருக்கு அறுவைச் சிகிச்சையின்போது வழக்கத்தைவிடக் கூடுதல் மயக்க மருந்து தேவைப்படலாம். அறுவைச் சிகிச்சைக்கு வரும் அனைவரிடமும் கஞ்சாப் பழக்கம் குறித்துக் கேட்க வேண்டும் என்று அமெரிக்காவின் வட்டார மயக்கவியல் மற்றும் வலி மருத்துவச் சங்கம் 2023-இல் நெறிமுறையே வெளியிட்டது. இந்தியாவிலோ இக்கேள்வி மருத்துவரின் நாவில் எழுவதில்லை. எழுந்தாலும் நோயாளியிடமிருந்து உண்மையான பதில் வருவதில்லை.

சட்டத்தின் இரு முகங்கள்

கஞ்சா மருத்துவம் மேலைநாட்டிலிருந்து வந்த மோகம் என்று கருதுவோர் கொச்சியின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிகஸ்' என்ற தாவர நூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய கொங்கணி வைத்தியர்களும் அளித்த தகவல்கள் அந்நூலுக்கு அடித்தளம். அதன் 10-ஆவது தொகுதியில் கஞ்சாச் செடியும் படத்துடன் இடம்பெற்றுள்ளது.

அந்தச் செடியை இன்றைய சட்டம் இரண்டு விதமாகப் பார்க்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்படி, பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதியே கஞ்சா. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வரா. இலையை முறைப்படுத்துவது மாநில அரசுகளின் ஆயத்தீர்வைச் சட்டங்கள். மறுபுறம், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் இ(1) அட்டவணையில் ஆயுர்வேத, சித்த மருத்துவங்களுக்குரிய நச்சு மூலிகைகளின் வரிசையில் கஞ்சா உள்ளது. அது சேர்ந்த மருந்துகளை மருத்துவரின் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை, உறையில் அச்சிடப்பட வேண்டும்.

ஆக, ஒரு புட்டியில் இருப்பது இலைச் சாறா, நுனியின் சாறா என்பதைப் பொறுத்து அது மருந்தாகவோ குற்றமாகவோ ஆகிறது. நோயாளிக்கு இந்த நுட்பம் தெரியாது. பெரும்பாலான அலோபதி மருத்துவர்களுக்கும் இது பாடமாகக் கற்பிக்கப்படுவதில்லை. கஞ்சாவை உட்கொள்பவருக்கு 27-ஆவது பிரிவின்படி 6 மாதங்கள் வரை சிறையோ, ரூ.10 ஆயிரம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கேரளத்தில் 'ஆபரேஷன் டி-ஹன்ட்' என்ற பெயரில் 2025-இல் காவல் துறை நடத்திய வேட்டையைப் பார்த்த எந்த நோயாளி, தான் உட்கொள்வதை மனம் திறந்து சொல்வார்?

மருத்துவரைச் சூழும் ஆபத்துகள்

மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் - வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவரிடமும் கட்டணம் பெறாத மருத்துவமனைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. குற்றவியல் வழக்குகளைப் பொருத்தவரை, 2005-ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு மருத்துவர்களுக்கு ஓரளவு கவசம் அளித்தது. கடும் அலட்சியம் இருந்தாலன்றிக் குற்ற வழக்கு தொடரக் கூடாது. அதற்கும் மற்றொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆவது பிரிவும், அலட்சியத்தால் மரணம் விளைவிக்கும் பிறருக்கு 5 ஆண்டுகள் வரை சிறை என்று விதித்துவிட்டு, சிகிச்சை நடைமுறையின்போது நேரும் மரணத்துக்குப் பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுகள் வரை என்கிறது.

இந்தத் தீர்ப்புகள் அனைத்துக்கும் அடிப்படையான கேள்வி ஒன்றே: பொறுப்புள்ள மருத்துவர் ஒருவர் அந்தச் சூழலில் என்ன செய்திருப்பார்? பிற மருந்துகளுக்கு இதற்கான விடை பாடநூலிலும் சிகிச்சை நெறிமுறையிலும் கிடைக்கும். கஞ்சா விஷயத்தில் அலோபதி மருத்துவருக்கு அப்படி ஓர் அளவுகோலை இந்தியாவில் எவரும் வகுத்துத் தரவில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில், நடந்து முடிந்த விபரீதத்தை வைத்தே மருத்துவர் மதிப்பிடப்படுவார் என்ற அச்சம் எழுவது இயல்பு.

மருத்துவர் கேட்காமல் விட்டால், மருந்துகளின் மோதலைத் தவிர்க்கத் தவறியவர் ஆகிறார். கேட்டுத் தெரிந்துகொண்ட பின் எச்சரிக்காமல் விட்டால், 2008-ஆம் ஆண்டின் சமீரா கோலி தீர்ப்பு வலியுறுத்திய 'போதிய தகவலுடன் கூடிய இசைவு' இல்லாமல் சிகிச்சை அளித்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் தருகிறார். நோயாளியின் மீதுள்ள இரக்கத்தால் அலோபதி மருத்துவரே விஜயாவை எழுதிக் கொடுத்தாலோ, ஆபத்து இன்னும் பெரிது. தமக்குத் தகுதியில்லாத மருத்துவ முறையில் சிகிச்சை அளிப்பதே கவனக்குறைவாகும் என்று 1996-இல் பூனம் வர்மா - அஸ்வின் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அவ்வழக்கில் சிக்கியவர் அலோபதி மருந்து கொடுத்த ஹோமியோபதி மருத்துவர். எனினும் அந்தக் கோட்பாடு எதிர்த்திசையிலும் பாயும்.

எழுதி வைப்பதிலும் சிக்கல் உண்டு. நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளின் கட்டளை. அவ்விதிகளுக்கு மாற்றாக 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள், அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆனால், போதைப்பொருள் சட்டத்தின் 67-ஆவது பிரிவின்படி, விசாரணை அதிகாரி எவரிடமும் தகவலும் ஆவணமும் கேட்கலாம். 'நோயாளி கஞ்சா பயன்படுத்துகிறார்' என்று மருத்துவர் எழுதும் ஒரு வரி, நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவரைக் காக்கும் சாட்சி. அதே வரி, நோயாளியைச் சிறைக்கு அனுப்பும் சாட்சியாகவும் மாறலாம். இந்த நிலையில் எழுதாமல் விடுவதே உத்தமம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தால், அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகுமா?

மார்பின் கற்பித்த பாடம்

அச்சத்தின் காரணமாக மருத்துவம் முடங்கிப்போவதை இந்தியா ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடை செய்யவில்லை. ஆனால் குறைந்தபட்சம் 10 ஆண்டுகள் சிறை என்ற மிரட்டலும், பல துறைகளிடம் பெற வேண்டிய உரிமங்களும் சேர்ந்து, புற்றுநோய் வலிக்கான மார்பினை மருந்தகங்களிலிருந்தே விரட்டிவிட்டன. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோவாக இருந்த மார்பின் பயன்பாடு, 1997-இல் வெறும் 18 கிலோவாகச் சரிந்தது. லட்சக்கணக்கான நோயாளிகள் வலியால் துடித்தே மாண்டனர்.

மாற்றத்துக்கு வித்திட்டது கேரளம். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகிய மருத்துவர்கள் உள்ளிட்டோர் தொடங்கிய வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைச் சங்கம், முறையான கண்காணிப்பில் மார்பினைத் தீங்கின்றிக் கொடுக்க முடியும் என்று நிரூபித்தது. 2008-இல் தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை அம்மாநிலம் அறிவித்தது.

நாடாளுமன்றம் விழித்துக்கொள்ள மேலும் சில ஆண்டுகள் ஆயின. 2011-இல் அறிமுகமான போதைப்பொருள் சட்டத் திருத்த மசோதா, 15-ஆவது மக்களவையின் இறுதிக் கூட்டத் தொடரில், தெலங்கானா அமளிக்கு நடுவே 2014 பிப்ரவரி 20-இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்ற புதிய பிரிவு உருவாக்கப்பட்டு, மார்பின், ஃபென்டானில், மெதடோன் உள்ளிட்ட 6 மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே நடைமுறை வந்தது. கட்சி வேறுபாடின்றி நிறைவேறிய அந்தத் திருத்தம் எதையும் தாராளமாக்கவில்லை. மருத்துவர் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று கோடு கிழித்துக் காட்டியது. அவ்வளவே.

கஞ்சாவுக்கும் அத்தகைய கோடு தேவை. போதைப்பொருள் சட்டத்தின் 8-ஆவது பிரிவு மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு விலக்கு அளிக்கிறது. 10-ஆவது பிரிவு மாநிலங்களுக்கு விதிகள் வகுக்கும் அதிகாரம் தருகிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், மிகக் கடுமையான 4-ஆவது பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கும் தீர்மானம் 27-25 என்ற வாக்குகளில் நிறைவேறியபோது, இந்தியா ஆதரவாகவே வாக்களித்தது. ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனத்தில் கஞ்சா மருந்து ஆய்வு நடைபெறுவதை 2023-இல் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் பெருமையுடன் அறிவித்தார். வியன்னாவில் ஆதரவு வாக்கு, ஜம்முவில் ஆய்வு, மட்டாஞ்சேரி மருத்துவருக்கு மௌனம் என்பதுதான் மத்திய அரசின் கொள்கையா?

எதிர்வாதமும் பதிலும்

கேரளம் போதைப்பொருளால் தத்தளிக்கும் வேளையில் இப்படியொரு பேச்சு தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கவலை நியாயமானது. மருத்துவப் பயன் குறித்த சான்றுகளும் வரம்புக்கு உட்பட்டவையே. குழந்தைகளின் சில கடும் வலிப்பு நோய்கள், புற்றுநோய் சிகிச்சையால் வரும் குமட்டல் போன்றவற்றுக்குப் பலன் உண்டு. வலிக்குக் கஞ்சாவைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021-இல் அறிவித்தது. இளம் வயதினருக்கு மனநோய் ஆபத்தும் உண்டு.

ஆனால் இக்காரணங்கள் யாவும் மருத்துவர் கேட்க வேண்டும் என்பதற்கான காரணங்களே அன்றி, கேட்காமல் இருப்பதற்கானவை அல்ல. அமெரிக்காவில் 1996-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தபோது, அதைப் பரிந்துரைக்கும் மருத்துவர்களின் மருந்து எழுதும் உரிமத்தைப் பறிப்போம் என்று மத்திய அரசு மிரட்டியது. நோயாளியுடன் மனம் திறந்து பேசுவது மருத்துவரின் பேச்சுரிமை என்று 2002-இல் கோனன்ட் - வால்டர்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் 2018 நவம்பர் முதல் நிபுணர் மருத்துவர்கள் மட்டுமே எழுதிக் கொடுக்கலாம் என்று விதி வகுத்தனர். எந்த வழியைத் தேர்வதாயினும், முடிவெடுக்கும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டும் என்பதையே இவை உணர்த்துகின்றன.

இந்தியாவில் இப்போது செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தேசிய மருத்துவ ஆணையமும் ஆயுஷ் அமைச்சகமும் இணைந்து, நோயாளியிடம் என்ன கேட்க வேண்டும், எந்த மருந்துடன் எது சேரக் கூடாது, எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று நெறிமுறை வெளியிடலாம். விஜயா மருந்து எழுதும் ஆயுர்வேத மருத்துவர், நோயாளி உட்கொள்ளும் அலோபதி மருந்துகளின் பட்டியலைப் பெறுவதைக் கட்டாயமாக்கலாம். நெறிமுறைப்படி நடந்த மருத்துவருக்கு அதுவே நுகர்வோர் ஆணையத்தில் கவசமாகும்.

மூன்றாவது பணி நாடாளுமன்றத்துக்கு உரியது. சிகிச்சைக்காக நோயாளி மருத்துவரிடம் கூறியது, அந்த நோயாளிக்கு எதிரான வழக்கில் சாட்சியாகாது என்று போதைப்பொருள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கும் 64ஏ பிரிவு ஏற்கெனவே உள்ளது. போதைக்கு அடிமையானவருக்குக் காட்டும் இந்தக் கருணையை, வலியால் வாடுபவருக்கும் காட்டுவதில் என்ன தயக்கம்?

மார்பின் விஷயத்தில் 1985-இல் நேர்ந்த பிழையைத் திருத்த 29 ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்குள் வலியுடன் இறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. கஞ்சா விஷயத்திலும் அப்படியொரு காத்திருப்பு வேண்டாம். மருத்துவரை அஞ்ச வைக்கும் சட்டம், முடிவில் நோயாளியையே தண்டிக்கிறது.