பொறாமை என்று முதலில் சொன்னவன் ஜேசன்

மெடியாவைப் பற்றி எந்த இலக்கியப் பேச்சு ஆரம்பித்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் 'பொறாமை' என்ற சொல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான், இவளுக்குப் பொறுக்கவில்லை, பெற்ற பிள்ளைகளையே கொன்றாள். அவ்வளவுதான் கதை. கூடவே, பொம்பளை கோபம் இருக்கிறதே என்று ஒரு பெருமூச்சு. கொஞ்சம் படித்தவராக இருந்தால் 'ஆதி உணர்ச்சி', 'கட்டற்ற காமம்' என்று இரண்டு கனமான சொற்களைச் சேர்த்துக்கொள்வார். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இந்த வாசிப்பைக் கிளப்பிவிட்டது யார்? யூரிபிடிஸின் நாடகத்தையே திறந்து பாருங்கள். ஜேசன். கொரிந்து மன்னன் க்ரியானின் மகளைக் கட்டிக்கொள்வதற்காக மெடியாவைக் கைவிட்ட அதே ஜேசன். பெண்களுக்குப் படுக்கை விஷயம் சரியாக இருந்தால் எல்லாம் சரி, அதில் ஒரு குறை வந்தால் எத்தனை நல்லது செய்தாலும் எதிரியாகத்தான் பார்ப்பார்கள் என்று வாதாடுவது அவன்தான். குற்றம் சாட்டப்பட்டவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதை எடுத்து 2,400 வருஷங்களுக்கும் மேலாகத் தீர்ப்பு மாதிரி வாசித்துக்கொண்டிருக்கிறோம். ஒருத்தியின் புகாரைப் பொறாமை என்று பெயர் மாற்றிவிட்டால் ஒரு பெரிய வசதி உண்டு. புகாருக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

அவள் புகார் என்ன? நாடகம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே, மெடியா மேடைக்கு வருவதற்கு முன்பே, வீட்டுக் கிழவி சொல்லிவிடுகிறாள்: உள்ளே அவள் சத்தியங்களைக் கூவிக்கொண்டிருக்கிறாள், வலது கை பிடித்துக் கொடுத்த வாக்கைக் கூவிக்கொண்டிருக்கிறாள், தேவர்களைச் சாட்சிக்கு அழைக்கிறாள். அடுத்து மெடியாவின் குரலே கேட்கிறது. அவள் கூப்பிடுவது நீதியின் தேவதையான தெமிஸை. காதல் தெய்வமான அஃப்ரோடிட்டி அந்தக் கூக்குரலில் இல்லை. ஜேசனை நேருக்கு நேர் சந்திக்கும்போதும் அதே பேச்சு: நீ சத்தியம் பண்ணிய காலத்துத் தேவர்கள் இப்போது ஆட்சியில் இல்லை என்று நினைத்துவிட்டாயா, சட்டம் மாறிவிட்டதா? கொரிந்துப் பெண்களின் கோரஸும் கிரேக்க தேசத்தை விட்டே சத்தியத்தின் மரியாதை போய்விட்டது என்றுதான் பாடுகிறது. இத்தனை இடத்தில் இத்தனை சத்தமாகச் சொன்ன பிறகும் நமக்குக் காதில் விழுவது படுக்கை மட்டும்தான்.

மெடியாவே படுக்கையைப் பற்றிப் பேசுகிறாளே என்று கேட்பீர்கள். பேசுகிறாள், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில். அவளுக்கு அந்தப் புண் இல்லை என்று நான் சொல்லவில்லை. புண்பட்டவளுக்கு நியாயமான வழக்கு இருக்கக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

ஏதென்ஸின் கல்யாண ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால் அந்தச் சத்தியத்தின் எடை புரியும். அங்கே கல்யாண ஒப்பந்தம் இரண்டு ஆண்களுக்கு நடுவே: பெண்ணின் தகப்பன் அல்லது காப்பாளர் ஒரு பக்கம், மாப்பிள்ளை இன்னொரு பக்கம். பெண் பேசுபொருள், கையெழுத்துக்காரி இல்லை. அந்த அமைப்புக்குள் ஒரு பாதுகாப்பும் உண்டு. கணவன் தள்ளிவைத்தால் சீதனத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இழுத்தடித்தால் வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. அவளைத் திரும்ப ஏற்றுக்கொள்ள ஒரு பிறந்த வீடு இருக்கும்.

மெடியாவுக்கு இதில் ஒன்றுமே கிடையாது. அவளை யாரும் கட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வீரன் இன்னொரு வீரனோடு உடன்படிக்கை செய்வது போல வலது கையைப் பிடித்து, தேவர்களைச் சாட்சி வைத்து, தானே ஒப்பந்தம் போட்டவள். அந்த ஒப்பந்தத்தை நம்பித் தகப்பனை ஏமாற்றினாள், உடன்பிறந்தவனைக் கொன்றாள், கொல்கிஸை விட்டு ஆர்கோ கப்பலில் ஏறினாள். திரும்பிப் போக வீடு இல்லை. வட்டி கேட்கச் சீதனம் இல்லை. அவள் கையில் இருந்த ஒரே பத்திரம் அந்தச் சத்தியம்தான்.

ஜேசன் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறான் பாருங்கள். என்னைக் காப்பாற்றியது நீ இல்லை, அஃப்ரோடிட்டி, என்கிறான். அத்தோடு விடவில்லை. காட்டுமிராண்டி நாட்டிலிருந்து உன்னைக் கிரேக்க மண்ணுக்குக் கொண்டுவந்தேன், இங்கே வந்துதான் நீ நீதியும் சட்டமும் என்னவென்று தெரிந்துகொண்டாய் என்கிறான். சத்தியத்தை மீறியவன் சொல்கிறான் இதை! இந்தக் கல்யாணமே பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகத்தான் என்கிறான். அந்தப் பிள்ளைகளை க்ரியான் நாடு கடத்தச் சொன்னபோது தடுக்கவில்லை. மெடியா கேட்கும் எதிர்க்கேள்வி ரொம்பச் சாதாரணமானது: நல்ல எண்ணம்தான் என்றால் முன்னாடியே என்னிடம் சொல்லியிருக்கலாமே, ஏன் ரகசியமாகச் செய்தாய்?

நடுவில் ஏதென்ஸ் அரசன் ஏஜியஸ் வரும் காட்சி இருக்கிறது. அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் தர்க்கப் பொருத்தம் இல்லாததற்கு உதாரணமாக ஏஜியஸைச் சொல்கிறார்; இந்தக் காட்சியைத்தான் சொல்கிறார் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். வழிப்போக்கன் மாதிரி ஒருத்தன் வருகிறான், அடைக்கலம் தருகிறேன் என்கிறான், போய்விடுகிறான். கதைக்கு ஒட்டவில்லையாம். எனக்கு நாடகத்தின் ஆணியே அங்கேதான் அடிக்கப்பட்டிருக்கிறது. ஏஜியஸ் வாயால் கொடுத்த வாக்கு மெடியாவுக்குப் போதவில்லை. பூமியின் மேலும் சூரியன் மேலும் சத்தியம் பண்ணு என்கிறாள். பண்ணுகிறான். அப்படியும் விடாமல், மீறினால் உனக்கு என்ன ஆகும் அதையும் சொல் என்கிறாள். நான் பார்க்கும் சாஃப்ட்வேர் வேலையில் வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போடும்போது சேவை நின்றுபோனால் என்ன அபராதம் என்ற பிரிவைத்தான் முதலில் புரட்டுவோம். மெடியா அதைத்தான் செய்கிறாள். ஒருமுறை ஏமாந்தவள் இந்தத் தடவை அபராதப் பிரிவோடு ஒப்பந்தம் எழுதுகிறாள். பொறாமையில் புத்தி பேதலித்தவள் செய்யும் காரியமா இது?

இதே விளையாட்டு கிளைடெம்னெஸ்ட்ரா விஷயத்திலும் நடந்திருக்கிறது. கள்ளக்காதலனோடு சேர்ந்து புருஷனைக் கொன்றவள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஈஜிஸ்தஸோடு உறவு உண்டு. அகமெம்னான் ட்ராயிலிருந்து கூட்டிவந்த கஸாண்ட்ராவைப் பார்த்து வயிற்றெரிச்சலும் உண்டு. எஸ்கிலஸ் எதையும் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு பிணங்களுக்கு மேலே நின்றுகொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் அவள் கேட்கும் கேள்விக்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா? காற்றை அடக்க வேண்டும் என்பதற்காக என் மகள் இஃபிஜீனியாவை ஆடு மாதிரி பலி கொடுத்தானே, அன்றைக்கு அவனை நாடு கடத்தாத நீங்கள் இன்றைக்கு எனக்கு மட்டும் எப்படித் தீர்ப்பு சொல்கிறீர்கள்?

பதில் வரவில்லை. வந்தது கோர்ட்டு. கி.மு. 458இல் முதல் பரிசு வாங்கிய அந்த முத்தொகுதியின் கடைசி நாடகத்தில், தாயைக் கொன்ற ஒரெஸ்டஸுக்காக அப்போலோ ஆஜராகிறான். கணவனைக் கொல்வது ரத்த உறவைக் கொல்வது ஆகாது என்று பழிதேவதைகள் சொன்னதும் அவனுக்குக் கோபம் வருகிறது. கல்யாண பந்தம் சத்தியத்தைவிடப் பெரியது, அதை அவமதிப்பது ஸீயஸையும் ஹீராவையும் அவமதிப்பது என்கிறான். நல்ல கொள்கைதான். ஆலிஸ் துறைமுகத்தில் இந்தக் கொள்கை எங்கே போயிருந்தது? அதே பந்தத்தில் பிறந்த பெண்ணை அதே கணவன்தானே பலி கொடுத்தான்? விசாரணையில் இஃபிஜீனியாவின் பெயரே எழவில்லை. தாய் பெற்றவளே இல்லை, விதையை வளர்த்துக் கொடுப்பவள் மட்டும்தான் என்று அப்போலோ அடுத்த வாதத்தை எடுத்து வைக்கிறான். தாய் வயிற்றில் பிறக்காத அதீனா ஆண் பக்கம் ஓட்டுப் போடுகிறாள். ஓட்டுகள் சமம், ஒரெஸ்டஸ் விடுதலை. இதை நாகரிகத்தின் விடியல் என்று பாடம் நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இவ்வளவு சொன்னதால் என்னை மெடியா ரசிகர் மன்றத்தில் சேர்த்துவிடாதீர்கள். அவளைப் புரட்சிப் பெண்ணாக்கிப் போஸ்டர் ஒட்டுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் பிள்ளைகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அது குறியீடு, தாய்மை என்ற சிறையை உடைப்பது என்பார்கள். யூரிபிடிஸ் அப்படித் தப்பிக்க விடவில்லை. மெடியா அந்தக் குழந்தைகளின் கண்ணையும் சிரிப்பையும் பார்த்துத் திரும்பத் திரும்ப மனம் மாறுகிறாள். கதவுக்கு உள்ளேயிருந்து இரண்டு பையன்களும் கத்துவது நமக்குக் கேட்கிறது. உள்ளே போய்த் தடுக்கலாமா என்று யோசிக்கும் பெண்கள் போகவில்லை. இதில் குறியீடு எங்கே இருக்கிறது?

ஏன் பிள்ளைகள் என்ற கேள்விக்கும் விடை சத்தியத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கிரேக்கர்கள் பெரிய சத்தியம் செய்யும்போது தன்னை மட்டும் சபித்துக்கொள்வதில்லை. ஏதென்ஸின் ஆரியோபாகஸ் மன்றத்தில் கொலை வழக்குத் தொடுப்பவன் பன்றி, செம்மறிக் கிடாய், காளை இவற்றின் வெட்டிய துண்டுகள் மேல் நின்று, பொய் சொன்னால் நானும் என் வம்சமும் வீடும் அழியட்டும் என்று சொல்ல வேண்டும். டெமாஸ்தனிஸின் உரை ஒன்றில் இந்த விவரம் இருக்கிறது. சத்தியத்தை மீறியவனுக்கு விதி விதித்த தண்டனை வாரிசு இல்லாமல் போவது. மெடியா அந்தத் தண்டனையைத் தன் கையாலேயே நிறைவேற்றுகிறாள். அவள் வழக்கு நியாயம். அபராதம் வசூலானது மட்டும் ஒரு தப்பும் செய்யாத இரண்டு பையன்களிடம். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க முடியாதவர்கள்தான் ஒன்று பொறாமை என்கிறார்கள், இல்லையென்றால் புரட்சி என்கிறார்கள்.

கடைசிக் காட்சியில் ஜேசன் ஸீயஸைச் சாட்சிக்கு அழைக்கிறான். சத்தியம் மீறியவனின் குரலை எந்தத் தேவன் கேட்பான் என்று மெடியா மேலேயிருந்து கேட்கிறாள். அவள் நிற்பது அவளுடைய பாட்டனான சூரியன் கொடுத்த தேரில். தேர் போவது ஏதென்ஸுக்கு. கி.மு. 431 வசந்தத்தில் டயனீசியா விழாவில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஏதென்ஸ்காரர்கள். அவர்களுடைய பழைய அரசன் பூமி மேலும் சூரியன் மேலும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டான். இனி அவளை வெளியே அனுப்ப முடியாது. அந்த ஆண்டு போட்டியிட்ட மூன்று பேரில் யூரிபிடிஸுக்கு மூன்றாவது இடம் கொடுத்தார்கள்.