அறிகுறியே காட்டாத கிளமிடியா... எந்த டெஸ்ட்டில் தெரியும்?

வெள்ளைப்படுதல் கொஞ்சம் அதிகமானால், ‘உடம்புச் சூடு’ என்று இளநீரும் மோரும் குடித்துச் சமாளிப்பது நம் வீடுகளில் வழக்கம். பல நேரம் அது சாதாரணமானதாகவே இருக்கும். சில நேரம் காரணம் கிளமிடியாவாக இருக்கலாம்.

பாலுறவு மூலம் பரவும் பாக்டீரியா தொற்று இது. பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது என்பதுதான் சிக்கலே. சிலருக்கு மஞ்சள் நிறத்தில் வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, உறவுக்குப் பிறகோ மாதவிடாய் அல்லாத நாள்களிலோ ரத்தக்கசிவு இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் தொற்று கருக்குழாய் வரை பரவி, அங்கே அடைப்பை ஏற்படுத்தலாம். குழந்தையின்மைக்காக டாக்டரைப் பார்க்கும்போதுதான் சிலருக்கு அது தெரியவரும்.

எந்த டெஸ்ட்?

வழக்கமான யூரின் டெஸ்ட்டிலும் யூரின் கல்ச்சரிலும் இது தெரியாது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியரும் இதற்கானது அல்ல. ‘போன மாசம்தான் எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன், நார்மல்’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் ‘நாட்’ பரிசோதனைதான் தேவை. கொரோனா காலத்தில் நமக்குப் பழக்கமான பி.சி.ஆரும் இந்த வகைதான். பிறப்புறுப்பில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார்கள். கூச்சமாக இருந்தால், எப்படி எடுப்பது என்று கேட்டுக்கொண்டு நீங்களே எடுத்துத் தரலாம். சரியாக எடுத்தால் டாக்டர் எடுப்பதற்கு இணையானதுதான். சிறுநீரிலும் பார்க்கலாம். 1 மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும். தொற்றியிருக்கலாம் என்று நினைக்கும் நாளிலிருந்து 2 வாரத்துக்குள் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வந்தால், பிறகு மறுபடியும் எடுப்பது நல்லது.

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசனையும் சிகிச்சையும் இலவசம். ஆனால், அறிகுறிகளை வைத்தே மருந்து கொடுக்கும் முறைதான் அங்கு அதிகம். அறிகுறி இல்லாதவர்கள், ‘கிளமிடியா டெஸ்ட் எடுக்க முடியுமா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

பாசிட்டிவ் வந்தால்?

பயப்பட வேண்டாம். ஆன்டிபயாட்டிக்கில் முழுமையாகக் குணமாகும். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்து மாறும். கணவருக்கும் சிகிச்சை அவசியம், இல்லையென்றால் திரும்பத் தொற்றும். இருவரும் சிகிச்சையை முடிக்கும் வரை உறவைத் தவிர்க்க வேண்டும். 3 மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும்.

முக்கியமாக ஒன்று. இந்தக் கிருமி பல மாதங்கள் சத்தமில்லாமல் உடலில் இருக்கும், ஆண்களிடமும் அப்படித்தான். அது இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டும்தான் ரிப்போர்ட் சொல்லும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. முதலில் டெஸ்ட் எடுத்தவர் மனைவி என்பதற்காக, பழியும் அவர் மேல் விழக் கூடாது.